விசக்கல்லோடு வந்த பெரியவர்

காலபோக நெல் அறுவடை தொடங்கிவிட்டால், முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் தாதியாகப் பணியாற்றிய வைத்தியசாலைக்குப் பாம்புக்கடி நோயாளர் வருவது கூடிவிடும். அப்படியொரு மாலையில், புடையன் (கண்ணாடி விரியன்) கடித்த இளைஞனை அவனுடைய பெரியப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தார். கடிவாயில், விசத்தை உறிஞ்சிவிடும் என்று ஊரில் நம்பும் விசக்கல் ஒட்டியிருந்தது. "இந்தக் காலத்திலயும் கல்லோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டேன். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். கடித்து எவ்வளவு நேரம், வேறு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று வைத்தியர் விசாரித்தபோதும் அவர் வாய் திறக்கவில்லை. இளைஞன் பிழைத்துக்கொண்டான், என் வாய்த்துடுக்கினால் வீணான நேரத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவருடைய நம்பிக்கை வெறுமனே முளைத்ததல்ல. கடிக்கும் பாம்புகளில் பல விசமற்றவை. விசப்பாம்பும் சில வேளைகளில் விசத்தை இறக்காமலே கடித்துவிட்டுப் போகும். அவ்வாறு கடிபட்டவர்கள் கல் வைக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள் என்பது, பிழைத்தவரைக் கண்ணால் கண்ட ஊருக்கு எப்படித் தெரியும்? விசமுறிவு மருந்து ஏற்றினால் ஆள் செத்துவிடும் என்ற பேச்சிலும் உண்மை சிறிது உண்டு. குதிரையின் குருதியிலிருந்து தயாரிக்கப்படும் அம்மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால்தான் அதைத் தணிக்கும் அட்ரினலின் மருந்தைப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்துக்கொள்கிறோம். இதை மறைத்து "ஒன்றும் செய்யாது" என்று சொன்னால், நோயாளி நடுங்கத் தொடங்கிய கணமே உறவினர் எம்மை நம்பாமல் விட்டுவிடுவர்.

அதன்பின், "ஐயா, இந்தக் கல்லு ஆருக்காவது சரிவராமல் போனதோ?" என்று கேட்கப் பழகினேன். புடையன் கடியென்றால், கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பின் அவர்கள் முன்னிலையிலேயே சரித்துக் காட்டுவேன். புடையனின் விசம் ஏறினால் இரத்தம் உறையாது; அப்படி உறையாமல் தண்ணீராய் ஓடும் இரத்தத்தைக் கண்டபின் என்னோடு வாதாடியவர்கள் குறைவு.

கட்டுவிரியனுக்கு இந்தப் பொறுமை ஆகாது. தரையில் பாய்விரித்துப் படுத்திருந்த பெண்ணொருத்தியை அது இரவில் கடித்திருந்தது. நோவோ வீக்கமோ இல்லை. "நோகேல்லை, அப்ப விசமில்லை" என்று கணவர் வீட்டுக்குக் கூட்டிப்போக எழுந்தார். "அண்ணை, இண்டைக்கு இவ இஞ்சதான். கோவமெண்டால் விடிஞ்சபிறகு என்னோட சண்டை பிடியுங்கோ" என்று வாசலை மறித்து நின்றேன். விடியுமுன் அவளுடைய கண்ணிமைகள் சரியத் தொடங்கின. மருந்து ஏற்ற வைத்தியர் கட்டிலடியிலேயே இருந்தார்.