ஒரு கிராமத்துப் பாதிரியாரும் அவருடைய அக்காவும்

இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக்குக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்டீவன்டனுக்குக் கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் பிறந்த கிராமம், காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், நுழைவுக் கட்டணமும் இல்லை. அவள் பிறந்த வீட்டை 1820-களிலேயே இடித்துவிட்டார்கள், இப்போது வெறும் வயல்தான். அதனால் வந்தவர்கள் ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அவ்வளவுதானா?" என்பார்கள்.

ஒருமுறை என் மாமனார் வந்திருந்தபோது வேறு கேள்வி கேட்டார். "இவங்க அப்பாதானே இங்க பாதிரியார்? அவர் கல்லறை எங்கம்மா?" நானும் தேடினேன். மகன் ஜேம்ஸுக்கு உள்ளே சுவரில் கல் இருக்கிறது. 1761 முதல் சாகும்வரை, 44 வருஷம், இந்த ஆலயத்தின் ரெக்டராக, அதாவது பொறுப்புப் பாதிரியாராக, இருந்த ஜார்ஜ் ஆஸ்டினுக்குக் கல்லறை இல்லை. அன்று இரவு சும்மா தேடிப் பார்க்கலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். அது எட்டு மாதம் இழுத்துக்கொண்டு போயிற்று.

கல்லறை பாத் நகரத்தில் இருந்தது. 1801-ல் பதவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வேலையை மட்டும் மகனிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பாத்துக்குப் போனவர், 1805 ஜனவரி 21-ல் அங்கே இறந்து, வால்காட் ஸ்விதின் ஆலயத்தில் அடக்கமானார். 1764-ல் கசாண்ட்ரா லீயைக் கைப்பிடித்ததும் அதே ஆலயத்தில்தான். ரயில் பிடித்துப் போய்ப் பார்த்தேன். கல்லில் வயது 75 என்று வெட்டியிருக்கிறது. அவர் பிறந்தது 1731 மே 1. கூட்டிக் கழித்தால் 73. மனைவி, மகள்கள் எல்லாரும் உயிரோடு இருந்தபோது வைத்த கல்லிலேயே இப்படி! கல்லில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதல் வாரமே புரிந்துவிட்டது.

இங்கிலாந்தில் பாதிரியாரின் வம்சத்தைத் தேடுகிறவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. சாதாரண விவசாயியைப் பற்றி ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று வரி கிடைத்தாலே அதிர்ஷ்டம். பாதிரியார் அப்படியில்லை. பேராயர் அலுவலகம், பல்கலைக்கழகம், தசமபாகக் கணக்கு என்று எல்லா இடத்திலும் காகிதம் விட்டுப் போயிருப்பார். 1540 முதல் 1835 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் பணிசெய்த குருமார்களின் நியமனங்களைத் தொகுத்த ஒரு தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. என்றைக்கு உதவிகுரு, என்றைக்குக் குரு, எந்தச் சபைக்கு யார் நியமித்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்களுக்குத் தனியாக அச்சிட்ட பட்டியல் உண்டு. ஜார்ஜ் டன்பிரிட்ஜ் பள்ளியிலிருந்து 1747-ல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார் என்பதை வீட்டை விட்டு அசையாமலே தெரிந்துகொண்டேன்.

குருப்பட்டம் பெறுவதற்கு அந்தக் காலத்தில் கொடுக்க வேண்டிய காகிதங்களைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஞானஸ்நானச் சான்றின் நகல், கல்லூரியின் நற்சான்று. இதற்கு மேல், "இவர் குருவாகக் கூடாது என்பதற்கு யாருக்காவது காரணம் தெரியுமா?" என்று ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசித்த அறிக்கையும் வேண்டும். கல்யாணத்துக்கு முன் நம்மூர் மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். இந்தக் காகிதக் கட்டுகள் பல மறைமாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன. பாதிரியாரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. சந்தா கட்டிச் சேர்ந்த ஒரு வம்சாவளித் தளத்தில் யாரோ போட்டுவைத்திருந்த குடும்ப மரத்தை நம்பி மூன்று வாரம் வீணாயிற்று. ஜார்ஜ் பிறந்த கென்ட் மாவட்டத்தில் இந்தக் குடும்பப் பெயரில் ஆட்கள் ஏராளம், எழுத்துக்கூட்டலும் எழுதுகிறவர் இஷ்டம். அந்த மரத்தில் வேறொரு ஜார்ஜின் பிள்ளைகளை இவரோடு ஒட்டியிருந்தார்கள்.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. ஜார்ஜின் தாய் ரெபெக்கா 1732 பிப்ரவரியில் இறந்தார் என்று குறித்துக்கொண்டேன். ஜார்ஜ் பிறந்தது 1731 மே. அப்படியென்றால் அவருக்கு அடுத்துப் பிறந்த தங்கை லியோனோராவை எங்கே வைப்பது? ஒன்பது மாதத்துக்குள் இன்னொரு குழந்தையா? காகிதத்தில் கட்டம் போட்டுப் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. பிறகுதான் உறைத்தது. 1752-க்கு முன்பு இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது ஜனவரி 1-ல் அல்ல, மார்ச் 25-ல். அவர்கள் 1732 பிப்ரவரி என்று எழுதியது நம் கணக்கில் 1733. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 1732/33 என்று இரண்டையும் எழுதுகிறார்கள். லியோனோரா பிறந்த கையோடு தாய் போயிருக்கிறாள். 1737-ல் தகப்பன் வில்லியமும் போனார். அவர் டன்பிரிட்ஜில் அறுவை மருத்துவர். ஆறு வயதில் ஜார்ஜ் அனாதை.

பிறகு இவரை ஆளாக்கியது யார்? ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் "அங்கிள் பிரான்சிஸ்" வருகிறார், செவனோக்ஸில் பணக்கார வக்கீல். பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? அவர்களுக்கு ஒரே சொல் போதும், எனக்குப் போதவில்லை. பிறந்த ஆண்டைத் தேடினேன். பிரான்சிஸ் 1698, வில்லியம் 1701. ஆக, பெரியப்பா. என் குறிப்பேட்டில் எல்லாரையும் இப்படித் தமிழ் முறை வைத்து எழுத ஆரம்பித்த பிறகுதான் குடும்பம் எனக்குப் பிடிபட்டது. ஸ்டீவன்டனில் ஜார்ஜுக்கு முன்பு ரெக்டராக இருந்த ஹென்றி ஆஸ்டின் வெறும் "கசின்" இல்லை, இன்னொரு பெரியப்பாவின் மகன், அண்ணன் முறை. வேறு சபை கிடைத்ததும் அண்ணன் விட்ட இடம் 1761-ல் தம்பிக்கு வந்தது.

நியமித்தவர் பேராயர் இல்லை. அந்த உரிமை தூரத்து உறவினரான தாமஸ் நைட் என்ற நிலச்சுவான்தாரிடம் இருந்தது. நம்மூரில் மிராசு என்போமே, அதேபோல இங்கே குருவை நியமிக்கும் உரிமை நிலபுலன் மாதிரி ஒரு சொத்து. வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். பக்கத்து ஊரான டீனின் அடுத்த நியமனத்தைப் பெரியப்பா பிரான்சிஸ் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். 1773-ல் அதுவும் ஜார்ஜுக்கே. பிறகு ஜார்ஜின் மூன்றாவது மகன் எட்வர்டை நைட் குடும்பம் சுவீகாரம் எடுத்தது, நியமன உரிமை அவன் கைக்கு வந்தது. ஸ்டீவன்டனில் ஜார்ஜுக்குப் பின் மகன் ஜேம்ஸ். ஜேம்ஸ் 1819-ல் இறந்ததும், வங்கித் தொழில் நொடித்துப் பாதிரியாராகியிருந்த தம்பி ஹென்றி. எட்வர்டின் மகனுக்கு வயது வரும்வரை பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி ஹென்றி உட்கார்ந்திருந்தார். குருவாக 24 வயது நிறைய வேண்டும். அந்தப் பையன் வில்லியம் வந்து உட்கார்ந்து, 1873-ல் சாகும்வரை எழுந்திருக்கவில்லை.

வின்செஸ்டரில் உள்ள ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்துக்கு மூன்று முறை போனேன். அனுமதி அட்டைக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். பழைய பதிவேடுகளை அநேகமாகப் படச்சுருளில்தான் காட்டுவார்கள், அசலைக் கையில் தர மாட்டார்கள். ஆலயங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்று அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டது 1538-ல். 1754 முதல் கல்யாணங்களுக்கு மட்டும் அச்சிட்ட படிவம் வந்தது. ஸ்டீவன்டன் கல்யாணப் பதிவேட்டின் முன்பக்கத்தில் எப்படி நிரப்ப வேண்டும் என்று மாதிரிப் படிவங்கள் அச்சாகியிருக்கின்றன. அவற்றை ஒரு சிறுமி நிரப்பி வைத்திருக்கிறாள். லண்டன் ஹென்றி ஃபிரெடெரிக் ஹோவர்ட் ஃபிட்ஸ்வில்லியமுக்கும் ஸ்டீவன்டன் ஜேன் ஆஸ்டினுக்கும் கல்யாண அறிவிப்பு. அடுத்து லிவர்பூல் எட்மண்ட் ஆர்தர் வில்லியம் மார்டிமருக்கும் அதே ஜேனுக்கும் கல்யாணம். கடைசியில் ஜாக் ஸ்மித் என்று யாரோ ஒருவன். மூன்று மாப்பிள்ளையும் கற்பனை. சட்டப்படியான பதிவேட்டில் மகள் கிறுக்கியதைப் பார்த்தும் அப்பா அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. ஜார்ஜ் எப்படிப்பட்ட மனுஷன் என்று எனக்குச் சொன்னது இந்தப் பக்கம்தான்.

அந்தக் காலத்து ஞானஸ்நானப் பதிவிலும் ஒரு பொறி உண்டு. ஜேன் பிறந்தது 1775 டிசம்பர் 16. மறுநாளே அப்பா வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். ஆலயத்துக்குத் தூக்கிப் போனது அடுத்த ஏப்ரல் 5-ல்தான், அப்படிப்பட்ட குளிர்காலம். இரண்டாவது தேதியை மட்டும் பார்க்கிறவர்கள் பிள்ளை 1776-ல் பிறந்தது என்று எழுதிவிடுவார்கள்.

குடும்பத்தார் எழுதிய வரலாற்றில் இல்லாதவர்களும் காகிதத்தில் அகப்படுகிறார்கள். இரண்டாவது மகன், அவனும் ஜார்ஜ், 1766-ல் பிறந்தவன். வலிப்பும் வளர்ச்சிக் குறையும் இருந்தது. பக்கத்து ஊரான மங்க் ஷெர்போர்னில் வேறொரு குடும்பத்திடம் பணம் கொடுத்து வளர்த்தார்கள். பாதிரியாரின் பேரன் ஒருவர் பின்னாளில் ஜேனைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்பில் இப்படி ஒரு சித்தப்பா இருந்ததாகவே காணோம். ஆனால் அவர் 71 வயதுவரை வாழ்ந்தார். பிறப்பு இறப்பை அரசாங்கம் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலையில், அவர் இறந்தது 1838 ஜனவரியில். அதனால் ஊரறிந்த தங்கைக்கு இல்லாத அரசாங்க இறப்புப் பதிவு இவருக்கு இருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1760-ல், ஆன்டிகுவா தீவில் அடிமைகளை வைத்துக் கரும்பு பயிரிட்ட நிப்ஸ் என்பவரின் திருமண உடன்படிக்கையில் அப்பா ஜார்ஜ் ஓர் அறங்காவலர். இந்த வரியையும் குறிப்பேட்டில் எழுதித்தான் வைத்தேன், எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு.

இத்தனைக்கும் பிறகு நான் உண்மையில் தேடியது அக்காவைத்தான். ஜார்ஜைவிட ஒரு வயது மூத்தவள், பிலடெல்ஃபியா. தம்பிக்குப் பள்ளியும் ஆக்ஸ்ஃபோர்டும் கிடைத்தன. 1745-ல் பதினைந்து வயதில் இவளை லண்டன் கோவென்ட் கார்டனில் பெண்களுக்குத் தொப்பி தைக்கிற கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தொழில் பழகுநர் ஒப்பந்தத்துக்கு வரி கட்ட வேண்டும். அந்த வரிக் கணக்கு கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதால்தான் இந்த விஷயமே தெரியவந்தது. ஆலயப் பதிவேட்டை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் பெண்கள் கல்யாணம்வரை கண்ணிலேயே படமாட்டார்கள்.

அடுத்த குறிப்பைப் பார்த்தபோது நான் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டே கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். 1752 ஜனவரியில் பிலடெல்ஃபியா கப்பலேறினாள். ஆகஸ்டில் மெட்ராஸ். 1753 பிப்ரவரி 22-ல், கிழக்கிந்தியக் கும்பெனி மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கோடு கல்யாணம். இடம்: கடலூர்.

தோசை கருகிவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது கடலூர் புதுப்பாளையம். சில்வர் பீச்சுக்குப் போகும்போதெல்லாம் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைத் தாண்டித்தான் போவோம், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஹான்காக் அந்தக் கோட்டையில்தான் மருத்துவர். அவரும் கென்ட்டில் ஒரு பாதிரியாரின் மகன், அவருடைய வக்கீல் நம் பெரியப்பா பிரான்சிஸ். பெண் தானாகக் கடல் கடந்து வந்து தானாக மாப்பிள்ளை பார்த்தாள் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெரியப்பா பேசி முடித்த சம்பந்தம் என்றுதான் நினைக்கிறேன்.

கும்பெனிக் காலத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் நகலெடுத்து வருஷாவருஷம் லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698 முதல் உள்ள அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஒரு சங்கம் இணையத்தில் இலவச அகரவரிசை வைத்திருக்கிறது. பாதிரியார் குடும்பத்தில் யாராவது இந்தியாவுக்குப் போயிருந்தால் அங்கே தொடங்குவது நல்லது. நகல் எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டார்கள்.

மறுநாள் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அம்மா, தேவனாம்பட்டினத்துல ஒரு கல்யாணம் நடந்ததைக் கண்டுபிடிச்சிருக்கேன்."

"யார் வீட்டுக் கல்யாணம்டி? எனக்குப் பத்திரிகையே வரலையே?"

"வெள்ளைக்காரங்க வீட்டுக் கல்யாணம்மா. 1753-ல. மாப்பிள்ளை டாக்டர்."

"பொண்ணு பக்கம் யாரு?"

"தாய் தகப்பன் இல்லை. ஒரு தம்பி. பாதிரியாருக்குப் படிச்சிட்டிருந்தார், வரமுடியல."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. "அக்கா கல்யாணத்துக்குத் தம்பி வரலையா?" என்றாள் அம்மா. "அப்போ மாலை யாருடி எடுத்துக் கொடுத்தது?"

அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.