மாநிலங்களவைக்கு நாமே வாக்களித்தால் என்ன?

மாநிலங்களவை உறுப்பினர்களை நாம் அல்ல, எம்.எல்.ஏ.க்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஜூனில் தமிழ்நாட்டிலிருந்து ஆறு பேர் மாநிலங்களவைக்குத் தேர்வானார்கள். காலியிடங்கள் ஆறு, களத்தில் எஞ்சியவர்களும் ஆறு பேர் என்பதால் வாக்குப்பதிவே நடக்கவில்லை. சுயேச்சையாக யாரேனும் மனு தாக்கல் செய்தாலும், முன்மொழியப் பத்து எம்.எல்.ஏ.க்கள் இல்லாவிட்டால் பரிசீலனையிலேயே அது தள்ளுபடியாகிவிடும். தேர்தல் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தவே எனக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

ஆறு இடங்களுக்கு 234 எம்.எல்.ஏ.க்கள் வாக்களித்தால் ஒருவர் வெல்ல 34 வாக்குகள் வேண்டும். எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பது சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த அன்றே ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது கட்சித் தலைமை அறிவிக்கும் பெயர் மட்டுமே.

போட்டி ஏற்பட்டால் மட்டும் என்ன நடக்கிறது? தேர்தல் ஆணையம் தரும் ஊதா நிறப் பேனாவால் 1, 2 என்று விருப்ப வரிசையை எழுதும் எம்.எல்.ஏ., அந்தச் சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவதற்கு முன் தம் கட்சியின் முகவரிடம் காட்டியாக வேண்டும். 2017இல் குஜராத்தில் இருவர் காட்டக்கூடாதவர்களுக்கும் காட்டியதால் அவர்களுடைய வாக்குகள் செல்லாமல் போயின. ரகசிய வாக்கெடுப்பில் பணம் கைமாறுகிறது என்பதற்காகத்தான் 2003இல் ஒரு சட்டத் திருத்தத்தின் மூலம் இந்தத் திறந்த முறை கொண்டுவரப்பட்டது. அதே திருத்தம், வேட்பாளர் அந்தந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2006இல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

மறைத்துப் போட்டால் பணம், காட்டிப் போட்டால் தலைமை என்றால், கோளாறு முறையில் இல்லை. வாக்களிப்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலராக இருப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்காவும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தது. அங்கே செனட் என்ற மேலவையின் உறுப்பினர்களான செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில், உறுப்பினர்கள் உடன்படாமல் இழுத்தடித்ததால் டெலவேர் மாநிலத்துக்கு 1901 முதல் 1903 வரை ஒரு செனட்டர்கூட இல்லை. இல்லினாயின் வில்லியம் லோரிமர் ஊழல் வழியில் தேர்வானார் என்று செனட்டே 1912இல் அவருடைய தேர்வைச் செல்லாததாக்கியது. மறு ஆண்டே, அந்நாட்டு அரசமைப்பின் 17ஆவது திருத்தத்தின் வழியாக அந்த வாக்கு மக்கள் கைக்கு வந்தது.

நேரடித் தேர்தல் வந்தால் மாநிலங்களவை மக்களவையின் நகலாகிவிடும் என்பார்கள். உறுப்பினரின் ஆறாண்டுப் பதவிக்காலமும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறும் ஏற்பாடும் அப்படியே நீடிக்கும்போது அது எப்படி நகலாகும் என்று எனக்கு விளங்கவில்லை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளை ஆறு வட்டாரங்களாகப் பிரித்தால் வட்டாரத்துக்கு 39 தொகுதிகளும், நமக்குள்ள 18 இடங்களில் மூன்று இடங்களும் வரும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். செலவு கூடும் என்பதை மறுக்க முடியாது. பண மசோதாவைப் பதினான்கு நாள் மட்டுமே வைத்திருக்கக்கூடிய ஓர் அவைக்கு இத்தனை செலவா என்று கேட்பவர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய தடை வேறு. எம்.எல்.ஏ.க்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லும் அரசமைப்பின் 80ஆவது உறுப்பைத் திருத்த, மாநிலங்களவையிலேயே வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டும். அதாவது, இன்றைய முறையால் உள்ளே வந்தவர்களும், அந்த வாக்கைக் கையில் வைத்திருப்பவர்களும் தாமாகவே அதை விட்டுக்கொடுக்க வேண்டும். 1911இல் அமெரிக்க செனட் அப்படித்தான் விட்டுக்கொடுத்தது.