மூடியும் ஓயாத சுரங்கம்

ஜனவரி 9

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். இரண்டு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் வெள்ளைத் திட்டுகள். போன முறை தனித்தனிப் புள்ளிகளாக இருந்தவை இப்போது ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

அப்பா நிலக்கரிச் சுரங்க வேலையை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தூசியே இல்லாதபோது எப்படி வளர்கிறது என்று கேட்டேன். உள்ளே தங்கிவிட்ட தூசியைச் சுற்றி உடம்பு தழும்பு கட்டிக்கொண்டே போகும், அதைக் கரைக்க மருந்து இல்லை என்றார். அப்பா சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தானில் மூச்சு வாங்க, கையைக் கீழே போட்டுவிட்டார்.

ஜனவரி 12

கரித்தூசியால் வரும் இந்த நுரையீரல் நோயைப் பற்றியே இரவெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் 1969-ல் சட்டம் போட்டுத் தூசிக்கு வரம்பு வைத்தார்கள், நோயும் குறைந்தது. 1990-களின் இறுதிக்குப் பிறகு அப்பலாச்சிய மலைச் சுரங்கங்களில் அதன் கடுமையான வடிவமே திரும்பி வந்திருக்கிறது. தடித்த கரிப் படுகைகள் தீர்ந்து மெல்லிய படுகைகளைத் தேடும்போது, கரியோடு பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். பாறையின் சிலிக்கா தூசி கரித்தூசியைவிடக் கொடியது. தடுக்கத் தெரிந்த நோய் இது. அதனால்தான் மனம் ஆறவில்லை.

ஜனவரி 20

மூடிய சுரங்கத்துக்குக் கீழே உள்ள ஓடைக்குப் போனேன். கற்களின்மேல் துருநிறச் சேறு. ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தேய்த்தேன்: அடியில் சாம்பல் நிறக் கல், விரலெல்லாம் செம்மஞ்சள் குழம்பு. மீன் இருக்கட்டும், ஒரு நீர்ப்பூச்சிகூடக் கண்ணில் படவில்லை.

அப்பாவிடம் சொன்னதும் தலையணையிலிருந்து நிமிர்ந்துவிட்டார். கடைசி ஆண்டுகளில் பம்பு வேலை பார்த்தவர். “இரவு பகலாக நாங்கள் இறைத்ததால்தான் தண்ணீர் கீழே நின்றது. பம்பை நிறுத்திவிட்டார்கள். இனி மேலே ஏறி வராமல் எங்கே போகும்?”

கரியோடும் பாறையோடும் இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டதும் சிதைந்து கந்தக அமிலத்தையும் இரும்பையும் விடுகிறது. அந்த இரும்புதான் ஓடையில் துருவாகப் படிகிறது. எத்தனையோ தலைமுறைகளுக்கு இது நிற்காமல் ஓடலாம்.

ஜனவரி 23

வெடித்துவிடுமோ என்று அப்பா பயந்த மீத்தேன், கைவிட்ட சுரங்கங்களிலிருந்தும் எண்ணெய்க் கிணறுகளிலிருந்தும் கசிந்துகொண்டே இருக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

பிப்ரவரி 2

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள சென்ட்ரேலியாவில் 1962-ல் நிலத்தடிக் கரியில் பற்றிய தீ இன்னும் எரிகிறது. ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊர் ஏறக்குறைய காலியாகிவிட்டது.

ஜாம்பியாவின் காப்வேயைப் படித்தபோதுதான் தாங்க முடியவில்லை. அங்கே ஈயச் சுரங்கம் 1994-ல் மூடப்பட்டது. மண்ணில் ஈயம் அப்படியே கிடக்கிறது. சுரங்கம் மூடிய பிறகு பிறந்த பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடுகிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள், ஈயம் இரத்தத்தில் ஏறி மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. மூடிவிட்டோம் என்று கணக்கை முடித்தவர்கள் இந்தப் பிள்ளைகளை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்?

பிப்ரவரி 6

ஓடையைப் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. அந்தச் சரிவில் இறங்க அவரால் ஆகாது. பாட்டிலில் பிடித்து வருகிறேன் என்றேன்.

“மழைக்கு முன்னால் பிடி,” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “தண்ணீர் பெருகிவிட்டால் நிறம் தெரியாது.”