பெரட்டுக்கு வராத பிரிண்டர்

நவம்பர் 3

இன்றும் ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

நவம்பர் 4

பிரிண்டரை முன் அறையில், சாமி மேடைக்குக் கீழே வைத்தேன். "சாமி காலடியில மிஷினா?" என்றார் அப்பா. வேறு எங்கே பிளக் இருக்கிறது, சொல்லுங்கள் என்றேன். பதில் இல்லை.

பட்டியலில் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வருகிறது, எங்களுடையது மட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் போனது. தம்பி சுபாங்கிலிருந்து கூப்பிட்டுச் சொன்னான்: இந்த ரகத்துக்கு வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், 5 கண்ணிலேயே படாது. ரௌட்டரில் 2.4 அணைந்து கிடந்தது. எந்த மகராசி அணைத்தாளோ என்று திட்டிக்கொண்டே போட்டுவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நான்தான். போன மாதம், வேகம் பத்தவில்லை என்று.

முதல் தாள் அப்பாவின் பிரஷர் அட்டவணை. காலை, மாலை, மேல், கீழ், நாடி. பார்த்துவிட்டு ஸ்கேல் எடுத்து இன்னொரு கட்டம் இழுத்தார், 'குறிப்பு' என்று தலைப்பும் போட்டார். கோட்டில் ஒரு நடுக்கம் இல்லை. மாடி ஏறினால்தான் மூச்சு வாங்குகிறது.

நவம்பர் 5

இடி. இரண்டு தடவை கரண்டு போனது. 148/92.

நவம்பர் 6

லேப்டாப் 'ஆஃப்லைன்' என்கிறது. பிரிண்டரோ விளக்கு எரிய அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கைபேசியிலிருந்து அனுப்பினால் ஒழுங்காக அடிக்கிறது! அணைத்துப் போட்டேன், லேப்டாப்பில் அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலரை நிறுத்தி ஓடவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. நான்கு மணிக்கு இரண்டாம் படிவப் பிள்ளைகள் ஆறு பேரும் வந்துவிட்டார்கள். பயிற்சித் தாளைப் பலகையில் எழுதிப் போட்டேன்.

அப்பாவுக்கு என்னைவிடக் கோபம். "பெரட்டுக்கு வந்து நிக்கிறவன வரலன்னு எழுதினா, அவன் சம்பளம் என்னாவுறது?" தோட்டத்தில் கிராணியாக இருந்து, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, எத்தனையோ வருடம் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு எழுதியவர்.

மாலை போன் அடித்தது. இன்சூரன்ஸ் விற்கிறவன். பாவம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நவம்பர் 8

பிடித்துவிட்டேன். பிரிண்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தன் விவரத்தைத் தானே ஒரு தாளில் அடித்துத் தருகிறது. அதில் வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி எண் 192.168.1.12. லேப்டாப்பில், பிரிண்டரை எந்த எண்ணில் தேடுவது என்று குறித்திருக்கும் போர்ட்ஸ் பக்கத்தில் இருப்பது 192.168.1.7. எங்கள் ரௌட்டர் அணைந்து எழுந்தால் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை மறந்துவிடுகிறது, கேட்கிறவர்களுக்குப் புதிதாக எடுத்து நீட்டுகிறது. லேப்டாப் இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. கைபேசி அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் 'யாரப்பா பிரிண்டர்?' என்று கேட்டுத்தான் அனுப்பும்.

அப்பாவிடம் சொன்னேன். "ஆளுக்கு ஒரு நம்பர எழுதி வச்சிடு. யாரு கேட்டாலும் அதுதான்."

தம்பி சொன்னதும் அதேதான், பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான்.

நவம்பர் 9

ரௌட்டருக்குள் போய் (192.168.1.1, பாஸ்வேர்டு அதன் அடியில் ஒட்டியிருக்கிறது) 50-ஆம் எண்ணைப் பிரிண்டருக்கு ஒதுக்கினேன். அதற்கு மேக் முகவரி வேண்டும், மிஷினுக்கே உரிய அடையாள எண், ஆறு ஜோடி எழுத்து. ஸ்டிக்கர் பிரிண்டரின் முதுகில், எறும்பு அளவு. அப்பா பூதக்கண்ணாடியோடு குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார், நான் தட்டினேன். வேலை செய்யவில்லை.

குனிந்தது தப்பு. இரவு 156/95. 'குறிப்பு' கட்டத்தில் "பிரிண்டர்" என்று எழுதியிருக்கிறார்.

நவம்பர் 10

விடிகாலை ஐந்துக்கு எழுப்பினார். "அது எட்டு இல்ல, பி." இரவெல்லாம் அதையே யோசித்தாராம்.

திருத்தினேன். லேப்டாப்பில் பழைய போர்ட்டை விட்டுவிட்டு 50-க்குப் புதிதாக ஒன்று போட்டேன். சோதித்துப் பார்க்க வேண்டாமா? மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றலாம் என்று நான் எழுவதற்குள் அப்பா ஸ்டூலில் நிற்கிறார். கத்திவிட்டேன். மெதுவாகத்தான் இறங்கினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

கரண்டு வந்தது. இரண்டு நிமிடம். தாள் வந்தது.

"ஆஜர்," என்றார்.

நவம்பர் 11

போன் இல்லை. மழையும் இல்லை.

நவம்பர் 12

பத்து இருபதுக்குப் போன். ஈப்போ எண். நாளை மறுநாள் அட்மிஷன், கடிதம் ஈமெயிலில் வரும், மூன்று பிரதி கொண்டு வரவேண்டும்.

அடித்தேன். மூன்றையும் அப்பா மேசையில் தட்டித் தட்டி ஓரம் சேர்த்தார், தட்டியது போதும் என்று சொன்ன பிறகும். மூன்றாவதில் கறுப்பு மங்கல். மை வாங்கப் பட்டணத்துக்குப் போகவேண்டும்.