ஆகஸ்ட் 1 கணக்கு

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் லாரி. அது போன பத்தாவது நிமிடம் கழிவுநீர் லாரி. இரண்டும் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று ரிவர்ஸ் எடுத்தே தீரவேண்டும், தெரு அவ்வளவுதான். கூடுவாஞ்சேரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே வீடு வாங்கி நாலு வருஷம். அப்போது சுற்றிலும் காலி மனை. இப்போது எதிர்வீட்டு குக்கர் விசிலை நான் எண்ணுகிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பாப்பாவுக்கு ஒன்றாம் வகுப்பு. பக்கத்துத் தனியார் பள்ளியில் விண்ணப்பமே தீர்ந்துவிட்டதாம். இன்னொன்றில் இடம் உண்டு, ஆனால் வேன் 6.50-க்கு வரும். "புள்ள பள்ளிக்கூடம் போகுதா, மில்லு ஷிஃப்டுக்குப் போகுதா?" என்றார் மாமியார்.

மே 4, ஞாயிறு

ஊரிலிருந்து திரும்பி விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். பேருந்து நிலையம் திறந்தது 2023 டிசம்பர் 30. தண்டவாளம் ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கமே ஓடுகிறது. ரயில் நிலையத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தோளில் தூங்கும் பிள்ளையோடு ஆட்டோ பேரம். "எல்லாம் வந்துட்டா விலை எங்கேயோ போயிடும்" என்கிறார் வீட்டுக்காரர். விற்கப்போகிறவர் மாதிரி.

மே 19, திங்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். நடக்கிற தூரம். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது விதி, இருக்கிறது. ஆனால் ஊர் வயலும் ஏரியுமாக இருந்தபோது கட்டிய நாலு அறைகள்தான்.

தலைமையாசிரியை நிதானமானவர். தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். ஆனால் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவு செய்வது ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கை. "நீங்க எல்லாம் சேர்த்தா காட்டலாம்மா. சேர்க்காம, டீச்சர் இல்லைன்னு சொன்னா நான் எதைக் காட்டுறது?" நான் கேட்க நினைத்ததை அவர் முந்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அடுக்ககத்தின் வரைபடத்தை விரித்தேன். 64 வீடுகளுக்கும் கார் நிறுத்துமிடம் கோடு போட்டிருக்கிறது. எங்கள் பிளாக்கில் மட்டும் பள்ளி போகும் பிள்ளைகள் இருபத்தி மூன்று. அதற்கு எந்தக் கோடும் இல்லை.

ஜூன் 2, திங்கள்

சேர்த்துவிட்டோம். வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். நாலு கும்பிடு, ஒரு "சூப்பர் சிஸ்". யாரும் கூட வரவில்லை.

ஜூன் 18, புதன்

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே கரும்பலகை. நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. இடப்பக்கம் 'அ, ஆ', வலப்பக்கம் கூட்டல் கணக்கு. பாப்பா வலப்பக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். இலவச இணைப்பு! சிரித்தேன். அப்புறம் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 12, சனி

இரண்டாவது மாடிக்காரர் மாடிப்படியில் நிறுத்தி விசாரித்தார். சத்துணவு எப்படி, கழிப்பறை எப்படி என்று. உள்ளதைச் சொன்னேன்: சாப்பாடு நன்றாக இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் மதியத்துக்குமேல் வராது. அங்கேயும் லாரிதான்.

ஜூலை 31, வியாழன்

பாப்பாவுக்கு லேசான காய்ச்சல். லீவு சொல்லத் தலைமையாசிரியைக்கு போன் போட்டேன். "நாளைக்கும் வராதாம்மா?" என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பரவால்ல, பேர் பதிவுல இருக்கு. உங்க பில்டிங்லேருந்து இன்னும் ரெண்டு பேர் இன்னிக்குதான் சேர்ந்தாங்க" என்றார்.

இரண்டாவது மாடி.