தேதி இல்லாத வாக்குகள்

கிண்டி தொழிற்பேட்டையில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கு மாதம் என்பது தேதிகளின் வரிசைதான். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிறருக்குத் தரும் பணத்தில் பிடித்துவைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி, விற்பனை விவரங்களைத் தரும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1. 15-ஆம் தேதி ஊழியர்களின் சேமநல நிதியான பிஎஃப், மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ. 20-ஆம் தேதி, மாத ஜிஎஸ்டி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி. காய்ச்சல் வந்தாலும், வீட்டில் மனக்கசப்பு இருந்தாலும், உட்காரவே பிடிக்காத நாளாக இருந்தாலும் இந்த வேலைகள் நடந்துவிடுகின்றன. செய்கிறவருக்கு அன்று ஊக்கம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதே மனிதர், காஸ்ட் அக்கவுண்டன்சி படித்து முடிப்பது என்றோ, மாலையில் அரை மணி நேரம் நடப்பது என்றோ தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட வாக்கை, “இன்னைக்கு மனசே வரலை” என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிடுகிறார். இதை மனவுறுதிக் குறைவு என்று சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன். 3பி தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். ஜிஎஸ்டிஆர்-1 தாமதமானால், நம்மிடம் சரக்கு வாங்கியவர் எடுக்கக்கூடிய வரி வரவைக் காட்டும் 2பி அறிக்கையில் நம் இன்வாய்ஸ் வராது. வாங்கும்போது கொடுத்த வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்ளும் அந்த வரவை எடுக்க முடியாத அவர் அன்றே நம்மைத் தொலைபேசியில் அழைப்பார். அலுவலக வாக்குக்கு இப்படித் தேதியும், கேட்க ஆளும், தவறினால் விலையும் இருக்கின்றன. நமக்கு நாமே கொடுத்த வாக்குக்கு இவை எதுவுமில்லாததால், அது முழுக்க முழுக்க அன்றைய மனநிலையை நம்பி நிற்கிறது.

எங்கள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அக்கா இதை ஒரே கேள்வியில் விளங்க வைத்தார். அவர் பணியில் இருந்தபோது, அலைச்சல் மிகுந்த ஒரு நாளில், படிக்கத் தோன்றும்போது உட்காரலாம் என்றிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். “தம்பி, வவுச்சர் போடணும்னு உங்களுக்கு என்னைக்காவது தோணியிருக்கா?” என்று, எங்கள் அன்றாட வரவு செலவுப் பதிவைச் சுட்டிக் கேட்டுவிட்டு, தம் வேலையைத் தொடர்ந்தார்.

அதன்பின் என் படிப்புக்கும் அலுவலக வேலையின் அமைப்பையே கொடுத்தேன். மாலையில் கணக்கு மென்பொருளான டேலியை மூடியதும், நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் ஒரு கணக்கு, ஒன்றே ஒன்று. எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது, வெறுமனே “செய்ய வேண்டும்” என்று நினைப்பதைவிட மிகவும் வலுவானது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில் ஆய்வுகளைக் கொண்டு விளக்கியிருக்கிறார். உடன் பணிபுரியும் ஒரு பெண்ணுக்கு மாலையில் ஒரு நிமிடம்கூட அலுவலகத்தில் தங்க முடியாது. வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. அவர் செங்கல்பட்டு வண்டியில் தாம்பரத்தில் கூட்டம் இறங்கி இருக்கை கிடைத்ததும் புத்தகத்தைத் திறந்து, கூடுவாஞ்சேரி வரை கோட்பாட்டுப் பகுதியைப் படிக்கிறார். அவருடைய இடம் அது.

மனம் வராத நாளில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ரத்தான ஒரு இன்வாய்ஸின் பின்பக்கத்தில், உற்பத்தியின் ஒவ்வொரு கட்டச் செலவையும் கணக்கிடும் பிராசஸ் காஸ்டிங் கணக்குக்கு நடுவே ஒரு கோடு கிழிக்கிறேன். இடப்பக்கம் உள்ளே போன யூனிட்டுகள், மூலப்பொருள், கூலி. வலப்பக்கம் நார்மல் லாஸ், அதாவது உற்பத்தியில் வழக்கமாக ஏற்படும் இழப்பு. அந்த இழப்பின் சதவீதத்தை யூனிட்டாக மாற்றி எழுதியதும், கழிவு விற்ற தொகையை எங்கே காட்டுவது என்ற கேள்வி தானாக எழுகிறது. அதற்குள் களைப்பை மறந்து கணக்குக்குள் போயிருப்பேன். எல்லா நாளும் அப்படி அமையாது. கடைசி வரி வரை ஆர்வமே தலைகாட்டாமல், இரண்டு பக்கமும் சமமாகி முடிந்த கணக்குகள் நிறைய உண்டு. அவையும் முடிந்த கணக்குகள்தாம். தேர்வுக்கூடத்தில் அவையும் அதே அளவுக்கு உதவுகின்றன.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நினைப்பது பலரை முடக்குகிறது. பழக்கம் எப்படிப் படிகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்ற கணிப்பு இருக்கிறது. இடையில் ஒரு முறை தவறியது அந்தப் போக்கைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று நம்பி, 22-ஆம் நாளும் அலுப்பாக இருக்கிறதே என்று சோர்கிறவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

அப்படியானால் தள்ளிவைக்கவே கூடாதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது, சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு நவம்பர் மாத 3பி தாக்கலுக்கான கெடுவை அரசு டிசம்பர் 27 வரை நீட்டித்தது. தண்ணீர் வடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று பொதுவாக விட்டுவிடாமல், பழைய தேதியை எடுத்த அறிவிப்பே புதுத் தேதியையும் வைத்தது. எனக்கு இது மிகவும் பிடித்த ஒழுங்கு. உடம்பு முடியாத நாளில் என் கணக்கை நானும் தள்ளிவைக்கிறேன். ஆனால் டைரியில் புதிய தேதியை எழுதாமல் பழையதை அடிப்பதில்லை.

மார்ச் மாதம் மட்டும் வேறு. ஆண்டு முடிவு, ஸ்டாக் எடுப்பு, முன்கூட்டிய வரியின் கடைசித் தவணை எல்லாம் ஒன்றாக வந்து விழும் அந்த வாரங்களில் ஒரு முழுக் கணக்கு என்பது இயலாத காரியம். அப்போது வினாவை மட்டும் படித்து, எந்த முறையில் போட வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். ஏப்ரலில் அந்த வரிகளிலிருந்தே தொடங்கலாம். ஜூன் தேர்வுக்கு அதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது.