ஈரத் தரையில் ஓடியவர்கள்

நான் பிட்ஸ்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஏப்ரல் கடைசி வாரத்தில் அலுவலகமே ஒரு மாதிரியாக இருந்தது. வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் யாருக்கும் வேலையில் மனம் ஒட்டவில்லை. விசாரித்தால், அன்றிரவு டிராஃப்ட் என்றார்கள். அமெரிக்கக் கால்பந்தின் 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி பொறுக்கி எடுக்கும் மூன்று நாள் திருவிழா அது. போன ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி ஏழு சுற்றுகள். வியாழன் இரவு முதல் சுற்று, வெள்ளியன்று இரண்டும் மூன்றும், மிச்சம் நான்கும் சனிக்கிழமை. மொத்தம் 250 பேருக்குச் சற்று மேல் தேர்வாவார்கள்.

முதல் சுற்றுக்கு மேடை, விளக்கு, கட்டிப்பிடித்து அழும் அம்மாக்கள் எல்லாம் உண்டு. சனிக்கிழமை மாலை ஆறாவது சுற்று ஓடும்போது பாதிப் பேர் டிவியை அணைத்திருப்பார்கள். எங்கள் மேலாளர் மட்டும் அந்தச் சனிக்கிழமைக்காகவே காத்திருப்பார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், இரும்பாலைத் தொழிலாளியின் மகன். "முதல் சுற்றில் எடுக்கப்போகும் பையனை ஊருக்கே தெரியும். வேலை தெரிந்த ஆள் யாரென்று சனிக்கிழமைதான் தெரியும்" என்பார். அப்போது எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது.

அடுத்த மாதமே எங்கள் இரவு நேர சப்போர்ட் பிரிவுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விண்ணப்பங்கள் 140. படிப்பு, எத்தனை வருட அனுபவம், நடுவில் இடைவெளி உண்டா என்று சலித்து 30 ஆக்கினேன். அந்த 30 பேரிடமும் இருபது இருபது நிமிடம் போனில் பேசி ஆறு பேராக்கினேன். நல்ல வேகம் என்று எனக்கே ஒரு திருப்தி.

கழித்தவர்களில் ஒரு பெண் இருந்தார். ஊர்க் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பு, அப்புறம் சூப்பர் மார்க்கெட் வேலை. போனில் ஒவ்வொரு கேள்விக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு முறை கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "தெளிவில்லை, வேண்டாம்" என்று குறித்துவிட்டேன். மேலாளர் அந்தத் தாளைப் பார்த்தார்.

"எங்கிருந்து பேசினார்?"

"தெரியாது, கேட்கவில்லை. பின்னால் ஒரே சத்தம்" என்றேன்.

அப்போதுதான் பில் நன் கதையைச் சொன்னார்.

நன், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின மக்களின் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தியாளர். அந்தக் காலத்தில் தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் அருமையான ஆட்டக்காரர்கள் எல்லாம் கறுப்பினக் கல்லூரிகளில்தான் ஆடினார்கள். தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் அங்கே அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. நன் மட்டும் வருடா வருடம் அந்தக் கல்லூரிகளுக்குப் போய், பயிற்சியாளர்களோடு பழகி, சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலைத் தன் பத்திரிகையில் போட்டுவந்தார். அப்படிப்பட்டவர் கையருகே இருந்தும் ஊர் அணியான ஸ்டீலர்ஸ் அவரைக் கவனிக்கவில்லை. அந்த மனக்குறையை அவர் வெளிப்படையாகவே சொல்ல, அணி உரிமையாளர் குடும்பத்தின் டான் ரூனி அவரை அழைத்துப் பேசினார். 1960களின் கடைசியில் நன் ஸ்டீலர்ஸின் ஸ்கவுட் ஆனார்.

1974 டிராஃப்டுக்கு முன்னால் அலபாமாவில் ஜான் ஸ்டால்வர்த் என்ற ரிசீவரை, அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரரைப் பார்க்க ஸ்கவுட்டுகள் கூட்டமாகப் போனார்கள். 40 கஜ ஓட்டம் வைத்தார்கள். தரை ஈரம். நேரம் சுமார்தான். எல்லோரும் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் அதே பையனைக் காய்ந்த தரையில் ஓடவிட்டார். இந்த முறை நேரம் நன்றாக வந்தது. அந்தக் கணக்கு ஸ்டீலர்ஸ் கையில் மட்டும் இருந்தது.

பயிற்சியாளர் சக் நோல் ஸ்டால்வர்த்தை முதல் சுற்றிலேயே எடுத்துவிடலாம் என்று துடித்தாராம். வேறு யாரும் தொடமாட்டார்கள், காத்திருக்கலாம் என்று தடுத்தவர் நன். முதல் சுற்றில் லின் ஸ்வான், இரண்டாவதில் ஜாக் லாம்பர்ட், நான்காவதில் 82ஆவது ஆளாக ஸ்டால்வர்த், ஐந்தாவதில் மைக் வெப்ஸ்டர். நான்கு பேரும் பின்னாளில், இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். அதே வருடம் யாருமே எடுக்காமல் விட்ட டானி ஷெல்லையும் ஸ்டீலர்ஸ் சேர்த்துக்கொண்டது. அவருக்கும் 2020இல் அந்த மரியாதை கிடைத்தது. நன்னுக்கு 2021இல், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று கேட்டே வளர்ந்தவன் நான். ஆளெடுப்பில் நாம் எல்லோரும் செய்வது அதுதானே. இருபது நிமிடப் பேச்சு ஒரு சோறு, 40 கஜ ஓட்டம் ஒரு சோறு. ஆனால் அந்த ஒரு சோற்றைப் பானையின் எந்த மூலையிலிருந்து எடுத்தோம், அடுப்பு அப்போது எரிந்துகொண்டிருந்ததா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றிரவு அந்த 30 தாள்களையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. பாதித் தாள்களில் நான் எழுதியிருந்தது அவர்களுடைய திறமையைப் பற்றியே அல்ல, போன் லைனைப் பற்றி, உச்சரிப்பைப் பற்றி, தயக்கத்தைப் பற்றி.

அந்தப் பெண்ணை நேரில் கூப்பிட்டோம். கடையின் பின்பக்கம், சரக்கு இறக்கும் இடத்தில் நின்றுகொண்டு, சாப்பாட்டு இடைவேளையில்தான் என்னோடு பேசியிருக்கிறார். அமைதியான அறையில் உட்காரவைத்து, முந்தின வாரம் உண்மையிலேயே எங்களைத் திணறடித்த ஒரு கோளாறின் பதிவுகளைக் கொடுத்தோம். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் வாயே திறக்காமல் படித்தார். அப்புறம் ஒரு வரியைக் காட்டி, "இந்த இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லையே" என்றார். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆகியிருந்தது. வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

இதற்குப் பிறகு கடைசிச் சுற்றுகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எல்லோரும் சொல்வது டாம் பிரேடியின் கதை: 2000ஆம் ஆண்டு, ஆறாவது சுற்று, 199ஆவது ஆள், அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள், அதாவது அவரைப் போலவே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள். 40 கஜத்தை மந்தமாக 5.28 வினாடியில் ஓடியவர், கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். என்னைத் தொட்டது வேறு இடம். அவரை எடுக்கச் சொல்லி வாதாடிய பயிற்சியாளர் டிக் ரீபைன், பிரேடி களத்தில் நிலைப்பதைப் பார்க்காமலேயே 2001 ஆகஸ்டில் இறந்துபோனார். அப்புறம் இன்னொன்று. பெரும்பாலும் ஒரு அணி இரண்டு மூன்று குவார்ட்டர்பேக்குகளைத்தான் வைத்துக்கொள்ளும். அந்த முதல் வருடம் பிரேடியை எடுத்த பேட்ரியட்ஸ் அணி நான்கு பேரை வைத்திருந்தது. வருடம் முழுக்க பிரேடி எறிந்தது மூன்றே பந்து. அந்த நான்காவது நாற்காலியை மிச்சம் பிடித்திருந்தால், 199ஆவது தேர்வுக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

இந்த இடத்தில்தான் நாங்களும் சறுக்கினோம். அந்தப் பெண்ணை எடுத்ததோடு என் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். எட்டு மாதம் இரவு வேலையிலேயே விட்டுவைத்தோம். அவர் எழுதிய குறிப்புகள் பகல் குழுவுக்கு வந்தன, படித்தவர் யாரும் இல்லை. ஒரு நாள் அதிகாலை, வேறு இடத்தில் வேலை தேடப்போவதாக மெயில் அனுப்பினார். கோபமில்லாமல், இரண்டே வரி.

டெரல் டேவிஸும் இப்படித்தான் கிளம்பப் பார்த்தார். 1995இல் ஆறாவது சுற்றில் 196ஆவது ஆளாக டென்வர் அணி எடுத்த ஆட்டக்காரர். டோக்கியோவில் ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு அணி போயிருந்தபோது, இனி நமக்கு இங்கே இடமில்லை என்று ஊர் திரும்பும் யோசனையில் இருந்தார். அந்த ஆட்டத்தில் அவரை கிக்ஆஃப் பிரிவில் இறக்கினார்கள். நட்சத்திரங்கள் யாரும் விரும்பாத எடுபிடி வேலை அது, ஓடிப்போய் எதிராளியை இடித்து விழுத்தும் வேலை. டேவிஸ் இடித்த இடியில் பயிற்சியாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1998இல் அவர் ஓடிக் கடந்தது 2,008 கஜம். அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். கடைசிச் சுற்று ஆள் உள்ளே வரும் வாசல் பெரும்பாலும் இந்த எடுபிடி வேலைதான். அதை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் பார்க்க வேண்டிய ஆள் நான். நான் பார்க்கவில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு, அவர் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு, அலுவலகம் போய் மன்னிப்புக் கேட்டேன். எட்டு மாதக் குறிப்புகளையும் அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்தேன். இரண்டு வாரத்தில் பகல் குழுவுக்கு மாற்றினோம். கிளம்பும் எண்ணத்தை அவர் உடனே விடவில்லை. மூன்று மாதம் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார்.

நான் கழித்த குவியலிலிருந்து அப்புறமும் நான்கு பேரை எடுத்திருக்கிறேன். இரண்டு பேர் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறாம், ஏழாம் சுற்றில் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போகிறார்கள். 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாக வந்த பிராக் பர்டி இரண்டே வருடத்தில் சூப்பர் பவுலில் ஆடினார் என்றால், அது திரும்பத் திரும்ப நடக்கிற விஷயமில்லை. ஆனாலும் நான் அஞ்சுவது அந்த இரண்டு பேர் விஷயத்துக்கு அல்ல. தப்பாக எடுத்த ஆள் கண்முன்னே உட்கார்ந்திருப்பார், தப்பு தெரியும், திருத்தலாம். தப்பாக விட்ட ஆள் எங்கே போனார் என்று எந்தத் தாளிலும் பதிவாவதில்லை. அந்த முதல் 140இல் நான் போன்கூடச் செய்யாத 110 பேர் இருந்தார்கள். அவர்களை இன்றைக்கும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

போன வருடம் மறுபடி ஆள் எடுத்தோம். இந்த முறை நேர்காணல் செய்தவர் அந்தப் பெண்தான். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் ஒரு பையன், பின்னணியில் பஸ் சத்தம். அவர் முதல் கேள்வியைக் கேட்கவில்லை. "இப்போது எங்கே இருக்கிறீர்கள்? எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்டார். "ஒன்பது ஆகும்" என்றான். "சரி, ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன்" என்று போனை வைத்துவிட்டு, காலண்டரில் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார்.